செங்காய் வெளிச்சம்

டார்ச் வாங்கப் போகிறவன்
சட்டைப்பையில் தக்காளி கொண்டுபோவானா?
நான் கொண்டுபோனேன்.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் திம்மராயன் கடை.
"போன்லயே லைட்டு இருக்குதே, எதுக்கு இது?"
என்றார், விற்கிறவரே.

இருக்கிறது.
ராயக்கோட்டை மண்டியில் பின்னிரவு மூன்று மணிக்கு
சாறு காய்ந்த என் கட்டைவிரலை
அந்த போனுக்கு அடையாளம் தெரிவதில்லை.
குனிந்தால் கிரேட்டுக்குள் விழுகிறது.
ஏலத்தின் நடுவில் யாராவது கூப்பிட்டால்
காதில் வைத்த வெளிச்சம்
பக்கத்துக்காரன் கண்ணைக் குத்துகிறது.
இருந்த பழைய டார்ச்சோ
சார்ஜ் ஏற்றினாலும் அரை ஏலம்கூடத் தாங்குவதில்லை.

கண்ணாடிமேல் வரிசையாக வைத்தார்.
ஒன்றை எடுத்துத் தெருவுக்கே வந்து
மலைமேல் அடித்தார்.
"பாறை வரைக்கும் போவுது பாருங்க!"
பாறையில் எனக்கென்ன வியாபாரம்?
எனக்கு வேண்டியது ஒரு முழம்.

இன்னொன்று அணைவதற்குள்
மூன்று தரம் மினுக்கிக் காட்டியது.
ஏலத்தில் மினுக்கினால் விலை கேட்டதாக அர்த்தம்;
நாற்பது கிரேட் தலையில் விழும்.
காந்தம் வைத்தது சட்டைப்பையை
இடுப்புவரை இழுத்தது.
விரல் நீளத்தில் ஒன்று, கிளிப்போடு,
வேனில் போன் சார்ஜாகும் அதே ஒயரில் ஏறும்.
"அது வேணாங்க, மஞ்சளா எரியும்.
ஒருத்தரும் எடுக்கறதில்ல."

கடை லைட்டைக் கொஞ்சம் அணைக்கச் சொன்னேன்.
கல்லாவில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் அணைத்தார்.

தக்காளியை எடுத்தேன்.
மலைக்குப் போன வெளிச்சத்தில்
அது பழைய செங்கல்.
மினுக்கின வெளிச்சத்தில்
குளிரில் விறைத்த உதடு.
யாரும் எடுக்காத மஞ்சளில் மட்டும்
காம்படியில் பச்சை, தோளில் வெளிர்மஞ்சள்,
மூக்கில் அப்போதுதான் ஏறத் தொடங்கிய சிவப்பு.
செங்காய்.
ஏழு மணி வெயிலில் எப்படியோ அப்படி.
இரண்டு நாள் லாரியில் போகும்,
கேரளா வரைக்கும் தாங்கும்.

அறுநூற்று நாற்பது.
விற்காத சரக்கென்று அவரே நாற்பதைக் குறைத்தார்.

அன்று ராத்திரி மூன்றாம் வரிசை,
கெலமங்கலம் சௌடம்மா, பதினெட்டு கிரேட்.
ஒரு வருசமாக அவரிடம் நான் சொல்வது:
"மங்கிக் கெடக்குது. முந்தாநாள் பறிச்சதா?"
ஒரு வருசமாக அவர் சொல்வது:
"பொழுதுசாயத்தாங்க பறிச்சேன்."
பழைய டார்ச் என்னிடம் சொன்னது,
நான் அவருக்கு விலையாகச் சொன்னேன்.
நடுவில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை
என்றுதான் நினைத்திருந்தேன்.

கிளிப்பை நீக்கி அழுத்தினேன்.
மங்கல் எங்கே?
மேல் அடுக்கு, கீழ் அடுக்கு, மூலை, கை விட்டுத் துழாவினேன்.
பறித்த சூடுகூட ஆறாத பழம்.

வழக்கத்தைவிட அறுபது ரூபாய் கூட்டி
வாய் தானாகச் சொல்லிவிட்டது.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
கையைப் பார்த்தார்.
"லைட்ட மாத்திட்டீங்களா?"
என்றார்.

அப்படியானால் இத்தனை நாளும்
அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பங்காளி அன்வர்தீன் டீக்கடைக்கு ஒதுக்கிக் கூட்டிப்போனான்.
"நல்லா இருக்குது. வீட்டுக்கு வெச்சுக்க.
ஏலத்துக்குப் பழசையே எடுத்துட்டு வா."
டீக்கு அவனே காசு கொடுத்தான்.
நான் சரி என்றும் சொல்லவில்லை,
முடியாது என்றும் சொல்லவில்லை.
டீ ஆறியிருந்தது.

திரும்பும்போது வேனில் ஒயரைச் செருகினேன்.
கடுகளவு சிவப்புப் புள்ளி.
இறக்கத்தில் பனி, எதிரே லாரிகள்.
கிருஷ்ணகிரி வரும்போது அது பச்சையாகியிருந்தது.
எங்கள் சரக்குக்கு நேர் எதிராக
இது சிவந்து தொடங்கி
காயாகி முடிகிறது.

பழைய டார்ச்
டேஷ்போர்டின் மேல்
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
உருண்டுகொண்டு வந்தது.